பன்னிரண்டாவது பட்டை

பிள்ளையார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிப்போட்டான் என்று என்னைத் திட்டக்கூடாது. இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது மூன்று நிமிடம். காதால் கேட்டது இருபத்தைந்து நிமிடம். மிச்சமெல்லாம் நானாகக் கட்டினது.

கண்டது இது. 1941 மாசி மாதம், காலை ரயில். சுன்னாகத்தில் ஏறிக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். (மடியில் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி. அதை அச்சடிக்கக் கொழும்பில் ஒருவரும் அகப்படவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இங்கே வேண்டாம்.) கொக்குவிலில் ரயில் நின்றது. மேடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்று, உரத்த குரலில், இராகம் இழுத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் எண்ண எண்ண ஒரு மனிதர் நடந்தார். எட்டு அடி போனார், திரும்பினார். எட்டு அடி வந்தார், திரும்பினார். அவருடைய வலது கை தன்பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. கார்ட் விசில் ஊதினார். மனிதர் ஏறவில்லை. அவளும் ஏறச் சொல்லவில்லை. ரயில் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

"பதினொண்டு" என்று அவள் சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு ரயிலின் இரைச்சல்தான். ஆறு வருடமாக அந்த இரைச்சல் என் காதை விட்டுப் போகவில்லை.

ரெண்டு

மேலே ஒன்று என்று போடாமல் பிள்ளையார் என்று போட்டிருக்கிறேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். நீர்வேலி மார்க்கண்டர் வீட்டுக் கிணற்றில் முதல் பட்டைத் தண்ணீருக்கு அதுதான் பெயர். பிள்ளையார், ரெண்டு, மூண்டு என்று பன்னிரண்டு வரை. பன்னிரண்டு பட்டை இறைத்தால் ஒரு வாழைப்பாத்தி நிறையும். பிறகு அடுத்த பாத்திக்கு மறுபடியும் பிள்ளையார்.

(யாழ்ப்பாணத்து ஆட்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றடியில் நீளமான மரம் ஒன்று உயரத்தில் கிடக்கும், அது துலா. ஒருவர் அதில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். அவருடைய பாரத்துக்கு அது சரிந்து நிமிர, நுனியில் தொங்குகிற பட்டை என்கிற பனையோலை வாளி கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரோடு மேலே வரும். கீழே ஒருவர் நின்று பட்டையைக் கவிழ்ப்பார். இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிடுவார்.)

அப்படி முப்பது வருடம் துலா மிதித்தவர் மார்க்கண்டர், மேடையில் நடந்த அந்த மனிதர். வாய்க்காலில் நின்று தண்ணீர் மாற்றியவள் அவர் மனைவி மீனாம்பிகை. எண்ணுவது அவள் வேலை. அவள் குரல் கேட்டால் அவர் கால் எடுப்பார்.

மூண்டு

இனிக் கதையைத் தொடங்கவேண்டும். தொடங்கிப் பார்த்தேன், கீழே கிடக்கின்றன.

"நீர்வேலி வாழைத்தோட்டங்களின் மேல் இளஞ்சூரியன் தன் பொற்கதிர்களை..."

சீ. விடிந்தால் எந்த வாழைக்காரன் சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்? தண்ணீர் கட்ட நேரம் காணாது.

"வருகிற ஆவணியில் மார்க்கண்டரின் மூத்த மகளுக்குக் கலியாணம். தாரை வார்க்கும்போது கை நடுங்கினால் சபையில்..."

இதை நாலு பக்கம் எழுதிவிட்டேன், நம்புங்கள். கண்ணீர் வேறு வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது, அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேனையைத் திறந்தால் ஒரு மகளுக்குக் கலியாணம் பேசாமல் மூடத் தெரியாத சாதி நாங்கள். நாலு பக்கமும் அடுப்புக்குப் போயிற்று.

"நடுக்குவாதம் எனப்படுவது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்..."

இதை வைத்தியர்கள் எழுதட்டும்.

இப்படி மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்றேன். கடைசியில் பந்திகளுக்கு அவள் எண்ணிய மாதிரி இலக்கம் போட்டேன். அதற்குப் பிறகுதான் கை நகர்ந்தது.

நாலு

நடுக்கம் மீனாம்பிகைக்குப் பழகிவிட்டிருந்தது. ஏழு வருடம். வலது கை சும்மா இருக்கிற நேரம்தான் கூட ஆடும். பெருவிரலும் சுட்டுவிரலும் எந்நேரமும் எதையோ உருட்டிக்கொண்டேயிருக்கும். சோறு அவள் தீத்திவிட்டாள். சேட்டுப் பொத்தான் அவள் பூட்டிவிட்டாள். குரலும் சிறுத்துவிட்டது, கிட்டப் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும். பார்க்க வருகிற சனமெல்லாம் கையைப் பார்த்து "பாவம், பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகும்.

காலை ஒருவரும் பார்க்கவில்லை.

அறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஒரு வாசற்படி. அதற்குக் கிட்ட வந்தால் மார்க்கண்டர் நின்றுவிடுவார். வேண்டுமென்று அல்ல, கால் எழும்பாது. ஒருநாள் உரும்பிராயில் ஒரு செத்தவீட்டுக்கு மீனாம்பிகை காலையில் போனாள். வெளிக்கிடும்போது அவர் படியடியில் நின்றார். மத்தியானம் கழித்துத் திரும்பி வந்தாள். அப்போதும் அங்கேயே நின்றார். வேட்டி நனைந்திருந்தது.

"ஐயோ கடவுளே, எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"நீர் போன நேரம் தொடக்கம்."

அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கு அழவும் முகம் அசையவில்லை. "கை ஆடினா ஆடட்டும் மீனாம்பி. இந்தப் படியைத் தாண்டினாக் காணும் எனக்கு," என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். இதை மறந்துவிடாதீர்கள்.

அஞ்சு

இராசநாயகம் மீனாம்பிகையின் தம்பி. கொழும்பில் எழுத்தர் வேலை, கிளறிக்கல் உத்தியோகம், கொக்குவிலில் கலியாணம் கட்டினவர். முதற்பிரதியில் அவரை நான் கெட்டவராக்கி வைத்திருந்தேன். அக்காள் புருசனைக் கத்திக்குக் கொடுக்கிற மைத்துனன், கறுத்தக் கோட்டு, தங்கப்பல். கெட்டவன் ஒருவன் இருந்தால் எழுதுகிறவனுக்குச் சுகம். ஆனால் இந்தக் கதையை எனக்குச் சொன்னவரே அவர்தான்; அன்றைக்கு அந்த மனிதர் யாழ்ப்பாண ஸ்டேசனில் என் தோளில் சாய்ந்து விம்மியதை நினைத்தபோது வெட்கமாய்ப் போயிற்று. தங்கப்பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

அவர் செய்தது ஒரு நல்ல தம்பி செய்கிற காரியம். சீமைக்குப் போய்ப் படித்த ஒரு பெரிய சத்திரவைத்தியரைப் பிடித்து, விசாரித்து, அக்காவுக்கு எழுதினார்:

"அக்கா, உந்த வருத்தத்துக்கு வெட்டுறதிலை மூண்டு விதம் இருக்காம். ஒண்டு, கழுத்தடியிலை நரம்பை வெட்டுறது. அது பழசு, அவ்வளவு பலன் இல்லையாம். ரெண்டாவது, மண்டையைத் திறந்து, கையை ஆட்டுவிக்கிற இடத்திலை மூளையின்ரை மேலாலை ஒரு சின்னத் துண்டை எடுக்கிறது. நடுக்கம் நிக்கும். ஆனா அந்தக் கை பாரிசவாதம் வந்த கை மாதிரிச் சோந்துபோகும். மூண்டாவது இன்னும் உள்ளுக்குப் போறது. அமெரிக்காவிலை செய்யினமாம். பத்துப்பேரிலை ஒண்டு ரெண்டு பேர் எழும்புறேல்லையாம். இவர் ரெண்டாவதைச் செய்யிறன் எண்டுறார். நீங்கள் ஓம் எண்டு ஒப்பம் வைக்கவேணும்."

கடிதத்தை மீனாம்பிகை மார்க்கண்டருக்கு வாசித்துக் காட்டினாள். அவருடைய கைக்குள் கடிதம் நிற்காது.

"கை சோந்தாச் சோரட்டும்," என்றார் அவர். "கால் வந்தாக் காணும்."

ஆறு

கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது.

"அத்தான்ரை காலைப் பற்றிக் கேட்டனான். கால் ஒட்டுறதுக்கு உதாலை ஒண்டும் ஆகாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நடுக்கமாவது நிக்கட்டுமே அக்கா."

அந்த வரியை மீனாம்பிகை வாசிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், கடிதத்தை மடித்தாள். பிறகு வந்த நாட்களில் அவர் எத்தனையோ தரம் கேட்டார், "வெட்டினாப் படி தாண்டுவன் என்னப்பா?" அவளும் ஒவ்வொரு தரமும் "ஓம்" என்றாள். ஒரு மனிதன் இல்லாத காலுக்காக இருக்கிற கையைக் கொடுக்கப் போகிறான். அதைத் தெரிந்துகொண்டு கூட்டிப்போகிறவள் பெண்சாதி.

[அவள் அந்த வரியை விட்டு வாசித்தாள் என்பது என்னுடைய கற்பனை. இராசநாயகம் அப்படிச் சொல்லவில்லை. எழுதினேன் என்று மட்டும் சொன்னார். ஆனால் இதை வைத்தால்தான் மேடையில் அவள் செய்தது எனக்கு விளங்குகிறது. உங்களுக்கு வேறு விதமாக விளங்கினால் ஆறாம் பந்தியை வெட்டிவிடுங்கள். வெட்டினால் பத்தாம் பந்தியும் சோர்ந்துபோகும், அதையும் சொல்லிவைக்கிறேன்.]

ஏழு

* இது அடிக்குறிப்பாக இருக்கவேண்டியது. அடியில் போட்டால் நீங்கள் வாசிக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

கொழும்புக்குப் புறப்பட இரண்டு நாளைக்கு முன் ஒரு காரியம் நடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பு. அங்கே யாரோ எண்ணுகிற குரல் வேலி தாண்டி வந்தது. கதிரையில் இருந்த மார்க்கண்டர் எழும்பினார், விறாந்தையைக் கடந்தார், முற்றத்தில் இறங்கி வேலியடிக்குப் போய்விட்டார். அடுப்படியிலிருந்து பார்த்த மீனாம்பிகையின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. ஓடிவந்தாள். அதற்குள் அவர் வேலியடியில் ஒட்டிப்போய் நின்றார், இறைப்பு முடிந்துவிட்டது. இன்றைக்கு ஏதோ நல்ல நாள் என்று நினைத்தாள். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. பயணத்துக்குப் பலகாரம் கட்டுகிற அவசரம்.

நம்பமாட்டீர்கள் என்று பயந்து, வைத்தியம் படித்த ஒரு சிநேகிதரிடம் கேட்டேன். "சில பேருக்கு அப்பிடி வரும் ஐசே. படியிலை ஏறுவினம், சமநிலத்திலை நடக்கமாட்டினம். தாளம் கேட்டா நடப்பினம். ஏனெண்டு எங்களுக்கும் வடிவாத் தெரியாது," என்றார். தெரியாது என்று சொல்கிற வைத்தியரைக் கண்டால் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

எட்டு

கொக்குவில் ஸ்டேசன். யாழ்ப்பாண ஸ்டேசனில் சனம் கூட, அவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிற கண்களும் கூட. அதனால் முதல்நாளே தம்பியின் வீட்டுக்கு வந்து தங்கி, இங்கேயே ஏறுவது என்று ஏற்பாடு.

ரயில் நின்றவுடன் இராசநாயகம் ட்ரங்குப் பெட்டியையும் பாயையும் டொக்டருக்கென்று கொண்டுவந்த இதரை வாழைக்குலையையும் ஏற்றிக்கொண்டு உள்ளே போய் இடம் பிடித்தார். "அத்தானைக் கூட்டிக்கொண்டு கெதியா வாங்கோ அக்கா!"

கதவுக்கு நாலே நாலு அடி. மார்க்கண்டர் நின்றுவிட்டார்.

"வாங்கோ," என்றாள் மீனாம்பிகை.

"வருதில்லை."

"இன்னும் நாலு அடிதான்."

"வருதில்லை மீனாம்பி."

"ஆளைத் தூக்குங்கோவன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சுமை தூக்குகிற இரண்டு பேர் வந்து அவருடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்தார்கள். உடம்பு மரமாய் விறைத்தது. இழுத்த இழுவையில் ஆள் ஒரு சுற்றுச் சுற்றி, மேடை நீளத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அசையாத அந்த முகத்தில் கண் மட்டும் கலங்கியது. "விடச் சொல்லும்," என்றார்.

மீனாம்பிகைக்கு வெட்கமும் கோபமும் அந்தரமும் ஒன்றாய் ஏறிவந்தன. "கையை எடுங்கோ! ஆரும் தொடவேண்டாம்!" என்று கத்தினாள். கத்தின வாய் மூடவில்லை. முப்பது வருடம் வாய்க்காலில் நின்று கூப்பிட்ட குரல், எங்கிருந்து வந்ததோ, தானாய் வந்தது.

"பிள்ளையா...ர்!"

மார்க்கண்டர் கால் எடுத்தார்.

எட்டு அடி போனார். அந்த மேடையில் அவருக்குத் துலா எங்கே முடிகிறது என்று தெரிந்திருந்தது. திரும்பினார். எட்டு அடி வந்தார்.

"ரெண்டே...ய்!"

சுமைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மூண்டு. நாலு. நாலில் அவளுக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அவர் திரும்புகிற நேரம் தோளைத் தொட்டுக் கதவுப்பக்கம் சரித்துவிட்டால் போதும். அஞ்சு எண்ணினால் அவர் ரயிலுக்குள். படி என்ன, எதையும் தாண்டுவார் இப்போது.

அவள் தோளைத் தொடவில்லை. வேண்டுமென்றே தொடவில்லை. கத்தி தராத காலை அவளுடைய தொண்டை தந்துவிட்டது, பிறகென்ன விசருக்கு அந்தக் கையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது?

"அஞ்சே...ய்!" என்றாள், இன்னும் உரத்து.

ஒன்பது

கொக்குவிலில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும். அன்றைக்கு மூன்று நிமிடம் நின்றது. கார்ட்டும் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது என் சந்தேகம்.

என் பெட்டியில், எனக்கு எதிரே, ஒரு மனிதர் சன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு கத்தினார். "அக்கா! ஏறுங்கோ! விசரே உங்களுக்கு?" அவள் ஒரு கையை உயர்த்திப் பொறு என்று காட்டினாள். ரயில் அசைந்தது. பதினொண்டு. இரைச்சல். அவர் உள்ளே வந்து, ட்ரங்குப் பெட்டிக்கும் பாய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் தொப்பென்று இருந்தார்.

யாழ்ப்பாண ஸ்டேசனில் இறங்கினார், சாமான் இறக்க நானும் இறங்கினேன். ரயில் இருபத்தைந்து நிமிடம் நிற்கும். அங்கேதான் முழுவதையும் சொன்னார். ஏழு வருடம், மூன்று விதம், கடிதம், எல்லாம். மூச்சுவிடாமல்.

"இப்ப டொக்டருக்குத் தந்தி அடிக்கவேணும்," என்றார். "என்னெண்டு அடிக்கிறது? நோயாளி நடந்து போட்டார் எண்டோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என்னை முறைத்தார். பிறகு அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் பெட்டிமேல் இருந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்கச் சிரித்தோம். சிரித்தவர் அப்படியே என் தோளில் சாய்ந்து விம்மத் தொடங்கினார்.

"அக்கா சிரிச்சவ, கண்டனீங்களே? கையைக் காட்டேக்கை சிரிச்சவ. நான் அந்தச் சிரிப்பைக் கண்டு ஏழு வரியம்."

திரும்பிப் போகிறேன் என்றார். டொக்டருக்கு வைத்த குலையில் ஒரு சீப்பை உடைத்து என் கையில் திணித்தார். அனுராதபுரம் வரை அதுதான் எனக்குச் சாப்பாடு. நல்ல இனிப்பு.

பத்து

ரயில் போன பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

மேடை வெறுமையானது. மீனாம்பிகை அவரை ஒரு வாங்குப் பலகைக்குக் கிட்ட எண்ணி நடத்தி, இருத்தினாள். பக்கத்தில் இருந்தாள். மூச்சு வாங்கியது இரண்டு பேருக்கும்.

"கோச்சி போட்டுது," என்றார் அவர்.

"போகட்டும்."

"இராசு பெட்டியோடை போட்டான்."

"வருவான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். இனியும் வைத்திருக்க அவளால் ஏலவில்லை. "உங்களுக்கு நான் பொய் சொன்னனான். கடிதத்திலை ஒரு வரி வாசிக்கேல்லை. வெட்டினாலும் கால் வராதாம்."

விரல்கள் மடியில் உருட்டிக்கொண்டிருந்தன.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"வாசிக்கேக்கை ஒரு இடத்திலை நிப்பாட்டினீர். முப்பது வரியம் உம்மடை குரலிலை நடந்தவன் நான். நீர் ஒரு இலக்கத்தை விட்டா எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சுகொண்டே வெளிக்கிட்டனீங்கள்? கையைக் கொடுக்க?"

"நீர் ஆசைப்பட்டுக் கூட்டிக்கொண்டு போறீர் எண்டு நினைச்சன்."

"நானோ? நான் ஆசைப்பட்டனானோ?" மீனாம்பிகை எழும்பி நின்றுவிட்டாள். "கோதாரி விழுந்த மனிசன்! வயித்துக்கை நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிஞ்சன் நான்! கேட்டிருக்கலாமே?"

"நீரும் சொல்லியிருக்கலாம்."

அவள் வாங்கில் மறுபடி இருந்தாள். நடுங்குகிற அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, தன்னுடைய கையால் மூடிக்கொண்டாள். நடுக்கம் நிற்கவில்லை. அது நிற்கவேண்டும் என்று இன்றைக்கு அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

பதினொண்டு

முடிவு கேட்பீர்கள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் அடுத்த கிழமையே போகிறார்கள். வெட்டுகிறார்கள். நடுக்கம் நிற்கிறது, கை சோர்கிறது, படியடியில் பழையபடி நிற்கிறார். இரண்டு பக்கம். கிழித்தேன்.

இரண்டாவதில் எண்ண எண்ண வருத்தமே மாறிவிடுகிறது. ஊர் திரண்டு வருகிறது. பச்சைப் பொய். எண்ணி ஒரு வருத்தத்தையும் மாற்றமுடியாது. கை ஆடும், குரல் இன்னும் சிறுக்கும், ஒரு நாள் எண்ணினாலும் கால் எழும்பாது. ஆனால் அந்த நாள் வரும் வரை அந்த வீட்டு வாசற்படிக்குச் சாவி மாதிரி ஒரு திறப்பு இருக்கிறது, அது மீனாம்பிகையின் வாயில் இருக்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, நானே நீர்வேலிக்குப் போய்க் கேட்பது. போனேன். உரும்பிராய்ச் சந்தி வரை பஸ்ஸில் போய், இறங்கி, ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆறு வருடம். அந்த வீட்டில் எண்ணுகிற சத்தம் கேட்காவிட்டால் நான் என்ன செய்வது?

ஆகவே கதை, நான் கண்ட இடத்தில்தான் நிற்கிறது. கொக்குவில் மேடை, பதினொண்டு. மார்க்கண்டர் எட்டாவது அடியில் திரும்பிவிட்டார். அடுத்த கால் அந்தரத்தில் இருக்கிறது. பாத்தி நிறைய இன்னும் ஒரு பட்டை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்த இலக்கத்தை மனதுக்குள் சொன்னால் அவருக்குக் கேளாது. உரத்து, கொஞ்சம் இழுத்து, நீங்கள் சொல்லுங்கோ. கால் வைக்கட்டும் மனிசன்.